மானியப் பணம் பிள்ளையின் கைக்கு வருமா?

"மானியம் வந்தா ஒரு கட்டடம் எழும்பும், போர்டு மாட்டுவாங்க, அதோட சரி" என்று தோட்டங்களில் ஒரு பேச்சு உண்டு. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஊர்காவற்றுறைக்கு எதிர்க்கரையான காரைநகரைப் பாருங்கள்.

அங்கே 1967இல் சீநோர் நிறுவனம் தொடங்கியது. 1956இல் நோர்வே போன குருநகர்க்காரர் அன்ரனி ராஜேந்திரத்தின் முயற்சி அது. நோர்வே மக்கள் சேர்த்துக் கொடுத்த பணம் உதவியது. அது கடன் அல்ல, மானியம். கடனை வட்டியோடு கட்டணும். மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் சொன்ன காரியத்துக்கே செலவழித்து, கணக்குக் காட்ட வேண்டும். காரைநகரில் அந்தப் பணம் படகு கட்டும் தளமானது. உள்ளூர் இளைஞர்கள் பைபர் படகு கட்டும் தொழிலை வேலைத்தலத்திலேயே பழகினார்கள். பின்னாளில் போர் வந்து அதை முடக்கியது வேறு கதை.

நம்ம பிள்ளைகள் ஏன் பயிற்சியைப் பாதியில் விடுகிறார்கள்? சோம்பேறித்தனம் என்று சொல்வதை நாங்கள் ஏற்கமாட்டோம். வகுப்புக்குப் போன நாளுக்குப் பேர் விழாது. பஸ் காசும் கைக்காசு. ஆகவே மானியத்தில் போதனாசிரியர் சம்பளம், கருவிகளோடு பயிலுநர் படியும் இருக்க வேண்டும். சேர்க்கும் நாளிலேயே கேளுங்கள்: படி உண்டா, எந்த மாதம் முதல் கிடைக்கும், முடிவில் என்.வி.கியூ. சான்றிதழ் தருவார்களா?

பெரியவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பல வருஷம் மேசன் வேலையோ வயரிங் வேலையோ செய்தவர், வகுப்புக்குப் போகாமலே தம் திறமையைச் சோதனையில் காட்டி அந்தச் சான்றிதழைப் பெறலாம். நைட்டா அலுவலகத்தில் விசாரியுங்கள். போகும்போது அடையாள அட்டையையும், வேலை செய்ததற்கான கடிதங்களையும் கொண்டுபோங்கள்.