கைப்பேசி விளையாட்டும் கூட்டு முயற்சியும்

கைப்பேசியில் விளையாடுவோர் பலர். அத்தகைய விளையாட்டு ஒன்றைத் தாமே ஆக்கிப் பார்க்க வேண்டும் என்று எண்ணுவோர் சிலர். எண்ணியதைத் தொடங்கி, இறுதிவரை கொண்டு சென்று முடிப்போரோ மிகச் சிலர். தொடங்குவோர்க்கும் முடிப்போர்க்கும் இடையே இவ்வேறுபாடு எதனால் வருகிறது என்பதை இன்று ஆராய்வோம். பெரிய நிறுவனம் எதனையும் சாராமல், ஊதியம் கருதாத நண்பர் ஐவர் சேர்ந்து, இருள் சூழ்ந்த மாயக் கதை ஒன்றைக் கைப்பேசி விளையாட்டாக ஆக்க முற்படுகின்றனர் என்று கொள்வோம். அவர்கள் வேலையை எவ்வாறு பகுத்துக்கொள்ள வேண்டும்? இடையில் அது முறிந்து போகாமல் காப்பது எது?

முதலில் இருள் சூழ்ந்த மாயக் கதை என்பது யாது என்று தெளிவோம். தேவதைக் கதைகளில் மந்திரம் நினைத்ததை உடனே தரும். இக்கதைகளில் மந்திரம் தருவதற்கெல்லாம் விலை கேட்கும். பாழடைந்த கோட்டை, நிலவறை, பேய், சாபம் ஆகியவை இதற்குரிய சூழல். மனிதன் அச்சத்தின் நடுவில் எதைத் தேர்ந்துகொள்கிறான் என்பதே இதன் உயிர். இச்சுவை நமக்குப் புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப் பரணியில் வெந்து கருகிய பாலைக் காடும், காளியின் கோயிலும், பசியால் வாடும் பேய்க் கூட்டமும் தனித்தனிப் பகுதிகளாகவே அமைந்திருப்பதைத் தமிழ் படித்தவர் அறிவர்.

இக்காலத்து எடுத்துக்காட்டு ஒன்றும் கூறலாம். ‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’ என்பது டேவிட் வைட் என்பவர் 2003ஆம் ஆண்டில் தொடங்கி, உலகெங்குமுள்ள தொண்டர்கள் வளர்த்துவரும் போர் விளையாட்டு. அதில் அடங்கிய தொடர்கதைகளுள் ஒன்றில், இளைஞன் ஒருவன் தன் ஊரைப் பகைவரிடமிருந்து காப்பதற்காக, இறந்தோரை எழுப்பும் விலக்கப்பட்ட வித்தையை நாடுகிறான். நோக்கம் நல்லது, வழி கொடியது. படிப்படியாக அவன் மனிதத் தன்மையையே இழந்துவிடுகிறான். குருதியும் எலும்பும் காட்டுவது எளிது. ஆட்டக்காரனை அந்த இளைஞனுடைய இடத்தில் நிறுத்துவதுதான் அரிது. ஐவர் குழு முதலில் பேசி முடிவு செய்ய வேண்டியது இதுவே: நம் கதையில் வரும் தேர்வு எது, அதற்கு விலை எது?

இனி இவ்வகை விளையாட்டின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1980ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்கள் ‘ரோக்’ என்னும் நிலவறை விளையாட்டை ஆக்கினர். படமே கிடையாது, எழுத்துகளும் குறிகளுமே சுவராகவும் கதவாகவும் பேயாகவும் நின்றன. அதன் மூல நிரல் பிறருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே 1982ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி மாணவரான ஜே பென்லசன், பள்ளித் தோழர் மூவரின் துணையுடன், அதனைப் போன்ற ஒன்றைத் தாமே எழுதி ‘ஹேக்’ என்று பெயரிட்டார். அதன் நிரல் பிறர் கைக்கும் சென்றது. 1984இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கணித அறிஞர் ஆன்ட்ரீஸ் பிரௌவர் அதனை விரிவாக்கி வெளியிட்டார். 1987இல் மைக் ஸ்டீபன்சன் முதலியோர் கணினி வலையின் வழியாகத் தொடர்புகொண்டு மேலும் வளர்த்து ‘நெட்ஹேக்’ என்று வெளியிட்டனர். ஒருவரையொருவர் நேரில் காணாமலே பலர் கூடி ஆக்கியமையால் அப்பெயர் வந்தது. பள்ளி மாணவர் நால்வர் தொடங்கியது, நாற்பதாண்டு கடந்தும் அழியாமல் நிற்கிறது. கையில் கிடைத்ததைப் பூட்டி வைக்காமல் அடுத்தவரிடம் கொடுத்ததுதான் அதனை வாழவைத்தது.

கைப்பேசிக்கும் அம்மரபு வந்து சேர்ந்தது. ஓலெக் டோல்யா என்பவர் 2012ஆம் ஆண்டில் ‘பிக்சல் டன்ஜன்’ என்ற விளையாட்டைத் தனியொருவராக ஆக்கி வெளியிட்டார். கழிவுநீர்க் கால்வாய், சிறைச்சாலை, குகை, குள்ளர் நகரம், அசுரர் மண்டபம் என்று இருபத்தைந்து தளங்கள் கீழே கீழே இறங்கும். நாயகன் இறந்தால் மீண்டும் முதல் தளத்திலிருந்தே தொடங்க வேண்டும். 2014இல் அவர் இதன் மூல நிரலைப் பொதுவில் வைத்தார். அதே ஆண்டில் எவன் டெபன்ஹாம் என்பவர் அதனை அடிப்படையாகக் கொண்டு ‘ஷாட்டர்டு பிக்சல் டன்ஜன்’ என்பதைத் தொடங்கினார். மூல விளையாட்டின் வளர்ச்சி நின்ற பின்னரும் இக்கிளை தழைத்தது. தொண்டர்கள் இதனைப் பல மொழிகளில் பெயர்த்துள்ளனர்.

சிறு குழுவினர் பலரும் இவ்வகை விளையாட்டையே நாடுவதற்குக் காரணங்கள் மூன்று உண்டு.

முதலாவது, படத்தின் சிறுமை. பிக்சல் டன்ஜனில் தரைக் கல்லோ, சுவரோ, கதவோ ஒவ்வொன்றும் அகலத்தில் 16, உயரத்தில் 16 ஆகப் படப்புள்ளிகள் கொண்ட சதுரம். ஆக 256 புள்ளிகள். கோலம் போடத் தெரிந்த கைக்கு இது புரியாத கணக்கன்று. கல்லூரி முடிந்து வந்து மாலையில் ஓய்வு பெறும் ஒருவர், படுக்கச் செல்லுமுன் ஒரு சதுரத்தை முடித்துவிடலாம்.

இரண்டாவது, தளங்களின் அமைப்பு. நூறு வரைபடங்களை நூறு நாள் இருந்து வரைய வேண்டியதில்லை. அறைகள் இத்தனை, அவற்றை இணைக்கும் வழிகள் இத்தனை, பூட்டிய அறை இருந்தால் அதன் சாவி அதே தளத்தில் வெளியே கிடக்க வேண்டும் என்று விதிகளை மட்டும் எழுதிவிட்டால், கணினி தானே ஒவ்வொரு முறையும் புதிய நிலவறையைக் கட்டும். தொடக்கத்தில் அதற்கு ஓர் எண் கொடுக்கப்படும். அதே எண்ணை மறுபடி கொடுத்தால் அதே நிலவறை மீண்டும் தோன்றும். அதனை ‘விதை’ என்பர். பிழை ஒன்று கண்ட தோழர், இன்ன விதையில் இன்ன தளத்தில் கண்டேன் என்று எழுதினால், ஆயிரம் கல் தொலைவில் இருப்பவரும் அதே இடத்துக்குச் சென்று பார்க்கலாம்.

மூன்றாவது, முறை வைத்து ஆடும் அமைப்பு. விரைந்து ஓடும் விளையாட்டுகள் வினாடிக்கு அறுபது படங்களைக் காட்ட முயல்கின்றன. ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 17 ஆயிரத்தொரு பங்கு வினாடி. அதற்குள் எல்லாக் கணக்கும் முடிய வேண்டும். ஆட்டக்காரன் ஓர் அடி வைத்தால் பேயும் ஓர் அடி வைக்கும் என்று அமைத்தால் இந்நெருக்கடி பெரிதும் குறையும். விலை குறைந்த கைப்பேசியிலும் விளையாட்டு தடையின்றி நடக்கும்.

கருவி இவ்வளவு எளிதாயிருந்தும் முயற்சிகள் பாதியில் நிற்பது ஏன்? ஊதியமின்றி உழைப்பவருடைய இயல்பை உணராமையே காரணம் என்பது என் கருத்து. சம்பளம் பெறுபவர் மனம் சலித்தாலும் நாளை வருவார். தொண்டரோ, தேர்வு வந்தால் செல்வார். வீட்டில் நோய் வந்தால் செல்வார். வேலை கிடைத்து வேற்றூர் செல்வார். அதனைக் குற்றமாகக் கருதுதல் தவறு. அவர் தந்தது கொடை, கடன் அன்று. ஆகவே குழுவின் தலைவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. புதியவர் ஒருவர் நாளை வந்தால் ஒரு வாரத்தில் பயனுள்ள ஒன்றைச் செய்ய இயலுமா? இருப்பவர் ஒருவர் நாளை சென்றால் வேலை நில்லாமல் ஓடுமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று விடை கூறக்கூடிய குழுவே முடிக்கும் குழு.

வெஸ்னாத் இதனை எவ்வாறு சாதித்தது என்று பாருங்கள். அதன் உள் இயந்திரம் சி பிளஸ் பிளஸ் என்னும் கடினமான நிரல் மொழியில் எழுதப்பட்டது. ஆனால் கதை, போர்க்களம், வீரர்களின் வலிமை ஆகியவற்றை எழுதுவதற்கென்று எளிய குறிமொழி ஒன்றைத் தனியே வகுத்தனர். நிரல் அறியாதவரும், கதை எழுதத் தெரிந்தால், அக்குறிமொழியைச் சில நாள்களில் கற்றுப் புதிய தொடர்கதை ஒன்றைச் சேர்க்கலாம். வீட்டுக்கு வாயில் ஒன்றாக இல்லாமல் பலவாக வைத்ததனால் பலரும் உள்ளே வந்தனர். ஓவியர் ஒரு வாயிலில், இசை வல்லார் ஒரு வாயிலில், மொழிபெயர்ப்பாளர் ஒரு வாயிலில்.

பள்ளி ஆண்டுவிழா நாடகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அரசன் வேடத்துக்குப் பத்துப் பேர் முன்வருவர். திரை இழுப்பதற்கு ஆள் தேட வேண்டும். விளையாட்டு ஆக்குவதிலும் அசுரனை வரைய யாவரும் விரும்புவர். பெரிய விரலுக்கும் சிறிய விரலுக்கும் ஏற்றவாறு பொத்தான் வைப்பது, ஆட்டத்தின் நடுவே அழைப்பு வந்தால் நிலையைக் காத்து வைப்பது, மின்கலம் விரைவில் தீராமல் பார்ப்பது ஆகியவற்றுக்குக் கைத்தட்டு இல்லை. ஆனால் இவை பழுதானால் அசுரனைக் காண ஒருவரும் எஞ்சியிரார். ஆகவே திரை இழுப்பவருடைய பெயரும் அரசன் பெயரோடு ஒரே பட்டியலில் இடம்பெற வேண்டும். ஊதியம் இல்லாத இடத்தில் பெயர் ஒன்றே ஊதியம்; அதனைத் தவறவிடுவது கூலியை மறுப்பதற்குச் சமம்.

வேலைகளைச் சேர்த்து வைக்கும் முறையும் கருதத் தக்கது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய ‘கிட்’ போன்ற கருவி, யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதை நினைவில் வைக்கும். ஒருவர் செய்த மாற்றம் கெடுதலாய் முடிந்தால் முன்னிருந்த நிலைக்குத் திரும்பலாம். அறிவு ஒருவர் தலைக்குள் மட்டும் தங்காமல் பொதுச் சொத்தாவதற்கு இதுவே வழி.

அடுத்து, இளைஞர் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்று: எழுத்து மூலமான உடன்பாடு. நட்பில் எழுத்து எதற்கு என்பர். நட்பு நீடிப்பதற்காகத்தான் எழுத்து. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்னும் வகையில் அடங்கும். உரிமையை ஒருவர் மற்றொருவருக்கு மாற்றித் தர வேண்டுமாயின், அது எழுத்தில் இருக்க வேண்டும், கையொப்பமும் வேண்டும். தோழர் வரைந்த பேய் அவருக்கே உரியது. அவர் விலகிச் செல்லும்போது ‘என் படங்களை நீக்குங்கள்’ என்றால், வாய்ச்சொல்லை நம்பியிருந்த குழு தன் பேய்களை எல்லாம் இழந்து நிற்கும். ஆகவே முதல் வாரத்திலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்க. பொது உரிமம் ஒன்றை ஏற்பதும் நல்வழி. வெஸ்னாத்தும் பிக்சல் டன்ஜனும் வெளிவந்தது ‘ஜிஎன்யு பொது உரிமம்’ என்பதன்கீழ். பெற்றவர் யாவரும் நிரலைப் பார்க்கலாம், மாற்றலாம், பிறர்க்குத் தரலாம். ஆனால் மாற்றியதைத் தரும்போது அதே உரிமையையும் சேர்த்துத் தர வேண்டும் என்பது அதன் சாரம். அந்த உரிமமே டெபன்ஹாமுக்குக் கதவைத் திறந்தது.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் பேசிக்கொள்ள வேண்டும். கூகுள் கடையில் பதிவதற்கு ஒருமுறை 25 டாலரும், ஆப்பிள் கடைக்கு ஆண்டுதோறும் 99 டாலரும் கட்டணம் உண்டு. அதனை யார் தருவது? வருவாய் வந்தால் யாருக்கு எவ்வளவு? வராத பணத்தின் பங்கைச் சொல்லி ஆள் சேர்ப்பவர், பிறருடைய இரவுகளைக் கடன் வாங்குகிறார். திருப்பித் தர இயலாத கடனை வாங்காமல் இருப்பதே நேர்மை. ‘இது கற்பதற்கான முயற்சி, பணம் வருமென்று உறுதி இல்லை’ என்று முதல் நாளே சொல்லுங்கள். அது கேட்டு விலகுவோர் பின்னால் மனக்கசப்புடன் விலக மாட்டார்கள்.

இறுதியாக, அளவு. இருபத்தைந்து தளங்களைக் கனவு காணுங்கள். ஒரு தளத்தைக் கட்டுங்கள். ஒரு வீரன், ஒரு பேய், ஒரு கதவு, ஒரு சாவி, தோற்றால் ஒரு முடிவு, வென்றால் ஒரு முடிவு. இவ்வளவையும் முழுமையாக முடித்து, குழுவில் சேராத ஒருவர் கையில் கைப்பேசியைக் கொடுத்து, வாய் திறவாமல் அருகில் இருந்து பாருங்கள். அவர் எங்கே தயங்குகிறார், எங்கே புன்னகை செய்கிறார், எங்கே கைப்பேசியைக் கீழே வைக்கிறார் என்பதே உங்களுக்குரிய பாடம். முடிந்த ஒரு தளம் புதிய தோழரை அழைத்து வரும். முடியாத இருபத்தைந்து தளங்கள் இருக்கும் தோழரையும் சோர்வுறச் செய்யும்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பது நம் பழமொழி. வடம் பிடிக்க வருபவர் எல்லாரும் நிலைவரை வருவதில்லை. ஒருவர் ஒரு தெரு இழுப்பார், மற்றொருவர் மறு தெருவில் கை கொடுப்பார். வடம் நீளமாகவும் உறுதியாகவும் இருந்தால், கைகள் மாறினாலும் தேர் நிலைக்கு வந்து சேரும். மாணவ நண்பர்களே, விளையாட்டு ஒன்றை ஆக்க நீங்கள் கூடும்போது முதலில் வடத்தைத் திரியுங்கள். தேரை அலங்கரிக்கப் பின்னர் நேரம் உண்டு.