குரலை நம்பிய பிழைப்பு

ஒருவர் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் எதிரில் இருப்பவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையே எவ்வளவு நேரம் போகிறது? டானியா ஸ்டைவர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பத்து மொழிகளில் நடந்த இயல்பான உரையாடல்களைப் பதிவுசெய்து அளந்து பார்த்தார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வின்படி சராசரி இடைவெளி சுமார் 200 மில்லிநொடி, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. பத்து மொழிகளில் நிதானமானவர்கள் டேனிஷ் மொழிக்காரர்கள். அவர்களுக்கும் 469 மில்லிநொடிதான். வேகமானவர்கள் ஜப்பானியர்கள். அவர்களின் சராசரி 7 மில்லிநொடி. கேள்வி முடிகிற இடத்திலேயே பதில் தொடங்கிவிடுகிறது என்று சொல்லிவிடலாம்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், தாய்மொழியில்கூட அந்த ஒற்றைச் சொல் வாய்க்கு வர 600 மில்லிநொடி ஆகிறது. அப்படியிருக்க, 200 மில்லிநொடிக்குள் ஒரு வாக்கியத்தையே எப்படித் தொடங்குகிறோம்? மற்றவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் பதில் தயாராகிவிடுகிறது. அவர் பேச்சு எங்கே முடியும் என்பதை மூளை முன்கூட்டியே கணிக்கிறது. திண்ணைப் பேச்சு என்று நாம் சாதாரணமாக நினைக்கும் ஒன்றுக்குள் இவ்வளவு பெரிய வேலை நடக்கிறது.

இந்தக் கணிப்பெல்லாம் அந்நிய மொழியில் குலைந்துபோகிறது. ஜப்பானில் ரயில் நிலையங்களை ஒட்டி, ஆங்கிலத்தில் பேசக் கற்றுத்தரும் தனியார் பள்ளிகள் ஏராளம். இரவு எட்டு மணிக்கு அங்கே ஓர் அலுவலகப் பெண் வந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தடுப்புகள் வைத்துப் பிரித்த சிறிய அறை, ஒரு மேசை, எதிரே வெளிநாட்டு ஆசிரியர். “ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள்?” என்று அவர் ஆங்கிலத்தில் கேட்கிறார். அந்தப் பெண் கேள்வியைப் புரிந்துகொண்டு, சொல்லைத் தேடி, வினைச்சொல்லை இறந்தகாலத்துக்கு மாற்றி, வாக்கியத்தின் கடைசியிலேயே வினையை வைத்துப் பழகியவர் அதை நடுவில் கொண்டுவந்து வைக்க வேண்டும். மூன்று நொடி, நான்கு நொடி போகிறது. தாய்மொழியில் இடைவெளியே இல்லாமல் பேசிப் பழகியவருக்கு அந்த மௌனம் பாறையாகக் கனக்கிறது.

ஆசிரியருக்கும் அது எளிதாக இல்லை. 200 மில்லிநொடிப் பழக்கம் அவர் நரம்பிலும் ஊறியிருக்கிறது. பதிலைத் தானே எடுத்துக் கொடுத்துவிட அவர் நாக்கு துடிக்கிறது. அமெரிக்க வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நேரம் காத்திருக்கிறார்கள் என்பதை மேரி பட் ரோ 1970களில் ஆராய்ந்தார். ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள், ‘தெரியாது’ என்ற பதில் குறைந்தது. அந்தச் சிறிய அறையில் முகத்தில் பொறுமையோடு காத்திருக்கும் ஆசிரியர் சும்மா இருப்பதாகத் தோன்றலாம். உண்மையில் பாடத்தின் கடினமான வேலையை அவர் அப்போதுதான் செய்கிறார்.

இந்தப் பள்ளிகளில் பெரிதாக வளர்ந்தது, 1981இல் ஒசாகாவில் தொடங்கிய நோவா. அங்கே ஒரு பாடம் 40 நிமிடம். முடிந்தால் பத்து நிமிட இடைவெளி, அடுத்த பாடம். மாணவர்கள் வேலை முடிந்து வருகிறவர்கள் என்பதால் ஆசிரியரின் நாள் மதியத்துக்கு மேல் தொடங்கி இரவு ஒன்பது வரை நீளும். சனி, ஞாயிறுதான் கூட்டம் அதிகம். மாதச் சம்பளம் இரண்டரை லட்சம் யென் என்பது இத்தொழிலில் நெடுங்காலம் வழக்கமாக இருந்த தொகை.

பத்து நிமிட இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். போன மாணவரின் கோப்பில் எந்தப் பாடம் நடந்தது, எங்கே தடுமாறினார் என்று எழுத வேண்டும். அடுத்தவரின் கோப்பை எடுத்து, முன்பு வேறு ஆசிரியர்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்து, அவருக்கேற்ற பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீதி நேரத்தில் ஒரு வாய் தண்ணீர், கழிப்பறை. நோவாவில் மாணவருக்கு நிலையான ஆசிரியர் இருந்ததில்லை. நேற்று ஒருவர், இன்று வேறொருவர். அந்தக் கோப்புதான் தொடர்ச்சியைக் காப்பாற்றியது.

ஆள் மாறி மாறிப் பாடம் எடுப்பதில் ஒரு நன்மையும் உண்டு என்பது வியப்பான செய்தி. ஜப்பானிய மொழியில் ர, ல என்ற இரண்டுக்கும் சேர்த்து ஓர் ஒலிதான். ஆங்கிலச் சொற்களில் இந்த இரண்டையும் காதால் பிரித்தறிவதே பெரியவர்களுக்குக் கடினம். லோகன், லைவ்லி, பிசோனி என்ற மூவர் 1991இல் வெளியிட்ட ஆய்வில் ஜப்பானியர்களுக்கு மூன்று வாரம் காதுப்பயிற்சி அளித்தார்கள். ஐந்து பேர் குரலில் பதிவான சொற்களைக் கேட்டவர்களின் காது தெளிந்தது. பிறகு ஒரே ஒருவர் குரலில் மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, அந்தத் திறமை புதியவர்களின் குரலுக்குச் செல்லவில்லை. பல தொண்டைகளைக் கேட்டால்தான் எது ஒலி, எது ஆளின் குரல் என்று மூளைக்குப் பிரிக்கத் தெரிகிறது. ர, ற, ல, ள, ழ என ஐந்தை வைத்திருக்கும் நமக்கு ஜப்பானியரின் திணறல் விசித்திரமாகத் தோன்றலாம். ஒரே ‘ப’வை எழுதி இரண்டு விதமாக ஒலிக்கும் நாம், ஆங்கிலத்தில் எந்த இடத்தில் எந்த ஒலி என்று தடுமாறுவதும் இதே காரணத்தால்தான்.

அடுத்தது தொண்டை. பெண் குரலில் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன; ஆண் குரலில் ஏறக்குறைய பாதி. 40 நிமிடப் பாடத்தில் கால்வாசி நேரம் ஆசிரியையின் குரல் ஒலிக்கிறது என்று கொண்டால் 600 நொடி, அதாவது 1,20,000 மோதல்கள். எட்டுப் பாடம் எடுத்தால் ஒன்பதரை லட்சத்தைத் தாண்டும். அமெரிக்காவில் நெல்சன் ராய் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு, வாழ்நாளில் ஒருமுறையாவது குரல் பாதிப்பு வந்ததாகச் சொன்ன ஆசிரியர்கள் 57.7 சதவீதம், மற்றவர்கள் 28.8 சதவீதம் என்று கண்டது. தடுப்பு அறைகள் இதை இன்னும் மோசமாக்கும். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர்கள் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் எழுதினார். கூரைவரை எட்டாத தடுப்புக்கு அப்பால் ஒருவர் குரலை உயர்த்தினால் இவரும் உயர்த்துவார். அதைக் கேட்டு அவர் மேலும் உயர்த்துவார்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். வாரத்துக்கு 29.5 மணி நேரம் என்ற எண் இந்தத் தொழிலில் பிரபலமானது. முழுநேர ஊழியரின் வேலைநேரத்தில் நான்கில் மூன்று பங்கு, ஏறத்தாழ 30 மணி, உழைப்பவரை மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் சேர்ந்த ஊழியர் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்பது ஜப்பானில் நெடுங்காலம் இருந்த விதி. சந்தாவில் பாதியை முதலாளி கட்ட வேண்டும். பாட நேரத்தை மட்டும் எண்ணி, இடைவெளியை விட்டுவிட்டால், கணக்கு 30க்குக் கீழே நின்றுவிடும். கோப்பு படித்த நேரம், எழுதிய நேரம் எதுவும் வேலையில் சேராது.

இதன் வலி நோய் வரும்போது தெரியும். ஊழியர் காப்பீட்டில் இருப்பவர் நோயால் வேலைக்குப் போக முடியாமல் சம்பளம் நின்றால், நான்காம் நாளிலிருந்து சம்பளத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு உதவித்தொகை கிடைக்கும். அதற்கு வெளியே நகராட்சி நடத்தும் தேசியக் காப்பீட்டில் இருப்பவருக்குச் சிகிச்சைச் செலவில் உதவி உண்டு, இந்தத் தொகை பொதுவாகக் கிடையாது. குரல் போய்விட்டால் பாடம் இல்லை, பாடம் இல்லாவிட்டால் பணம் இல்லை. குரலையே கருவியாகக் கேட்கும் ஒரு தொழில், குரல் போகும் நாளுக்கான பாதுகாப்பை அரை மணிக் கணக்கில் தட்டிக் கழித்தது அநியாயம்.

2007 அந்த நிலையின் முழு விபரீதத்தையும் காட்டியது. முன்பணம் கட்டிய மாணவர்களுக்கு நோவா பணம் திருப்பித்தந்த முறை சட்டவிரோதம் என்று ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூனில் அரசு அதன் வியாபாரத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைத்தது. இலையுதிர் காலத்தில் சம்பளம் தாமதமாகி, பிறகு நின்றுபோனது. அக்டோபர் 26இல் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. சுமார் 4,000 வெளிநாட்டு ஆசிரியர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். சம்பளத்தில் வாடகையைப் பிடித்துக்கொண்ட நிறுவனம் அதை வீட்டுக்காரருக்குக் கட்டாமல் விட்டதால், வீட்டைக் காலிசெய்யச் சொல்லி சிலருக்கு நோட்டீஸ் வந்தது. உணவுக்கு ஈடாகப் பாடம் சொல்லித்தரும் ஏற்பாட்டைத் தொழிற்சங்கம் செய்தது.

அதே ஆண்டு டிசம்பரில் பெர்லிட்ஸ் பள்ளி ஆசிரியர்கள் 4.6 சதவீத ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பாடம் பாடமாக வேலையை நிறுத்தும் அந்தப் போராட்டம் ஏறக்குறைய ஓராண்டு நீடித்தது. நிறுவனம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. வேலைநிறுத்தம் சட்டப்படி சரியே என்று 2012 பிப்ரவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் கூறியது.

சட்டமும் மெல்ல நகர்ந்திருக்கிறது. 2016 அக்டோபரிலிருந்து பெரிய நிறுவனங்களில் வாரம் 20 மணி நேரம் உழைத்தாலே ஊழியர் காப்பீட்டில் சேரும் தகுதி வந்தது. 2024 அக்டோபரில் அது 51 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கும் விரிந்தது. 29.5க்கு இருந்த மதிப்பு குறைந்துவிட்டது. ஆனால் ஆசிரியரை ஊழியராக எடுக்காமல், தனி ஒப்பந்தக்காரராக எடுக்கும் வழக்கம் இருக்கிறது. அப்படிப் போனவருக்கு ஊழியர் காப்பீடு இல்லை. நிறுவனம் திவாலானால் ஊழியர்களுக்குப் பாக்கிச் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு முன்பணமாகத் தரும் ஏற்பாடும் அவரைச் சேராது.

ஆங்கிலம் கற்பிக்க ஜப்பான் போக நினைக்கும் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், சம்பளத் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களைத் தேடச் சொல்லுங்கள். எடுப்பது ஊழியராகவா, ஒப்பந்தக்காரராகவா? பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவில் உள்ள பத்து நிமிடம் வேலைநேரத்தில் சேருமா, சேராதா? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடட்டும்.