பாதாளக் குழாயும் பாட்டாளியின் பங்கும்!

நியூயார்க் நகரம். மான்ஹாட்டன் தீவு. விண்ணைத் தொடும் மாளிகைகள்; மாளிகைகளின் காலடியிலே தெரு; தெருவின் நடுவே, ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய புகைக்கூண்டு ஒன்று! அதன் வாயிலிருந்து வெண்மூட்டம் கிளம்புகிறது. புகையா? அல்ல. நீராவி!

ஆலைக்குப் புகைக்கூண்டு உண்டு, அடுக்களைக்கும் உண்டு. தெருவுக்கு ஏன்? காரணம் தெருவுக்கு அடியிலே இருக்கிறது.

பனி கொட்டும் ஊர் அது. அறையைச் சூடாக்காவிட்டால் குமாஸ்தாவின் விரல் விறைத்துப் போகும், வேலை ஓடாது. முன்பு கட்டடத்துக்குக் கட்டடம் நிலவறையிலே கொதிகலன், நிலக்கரிக் குவியல், அள்ளிப்போட ஆள், மேலே கரும்புகை. 1882-ம் ஆண்டிலே நியூயார்க் ஸ்டீம் கம்பெனி ஒரு மாற்றுவழியைக் கொண்டுவந்தது. ஓரிடத்திலே பெரிய கொதிகலன். அங்கிருந்து தெருவுக்கடியிலே குழாய். குழாய் வழியே ஆவி. ஒரே அடுப்பு, ஊரெல்லாம் சூடு! 1954-லே அந்த அமைப்பு கான் எடிசன் கம்பெனியின் கைக்கு வந்தது. நூறு மைலுக்கு மேல் நீளும் அந்தக் குழாய்கள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களுக்குச் சூடு தருகின்றன.

இன்று அந்த ஆவியைக் கைவிட்டு, மின்சாரத்துக்கு மாறலாமா என்ற பேச்சு அலுவலக மாளிகைகளிலே எழுந்திருக்கிறது. எழுப்பியது, அந்த நகரமன்றம் 2019-லே நிறைவேற்றிய 97-ம் எண் சட்டம். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரிய கட்டடங்கள், ஆண்டுக்கு இவ்வளவு கரிவாயுதான் வெளியிடலாம் என்று வரம்பு கட்டியது அது. வரம்பு 2024-லே தொடங்கியது. 2030-லே மேலும் இறுகும். மீறினால், மிகுதியாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம்!

மாற்றத்தை நாம் வரவேற்கிறோம். ஆவி வானத்திலிருந்து இறங்குவதில்லை. பெரும்பாலும் எரிவாயுவை எரித்தே அது பிறக்கிறது. கட்டடத்திலே சூட்டைக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து தண்ணீரான பின், கொதிகலனுக்குத் திரும்புவதும் இல்லை, சாக்கடைக்குப் போகிறது. குழாய்களோ கிழடு தட்டியவை. 1989-லே கிராமர்சி பார்க் அருகே ஆவிக்குழாய் வெடித்து மூவர் மாண்டனர். அவர்களிலே இருவர் கம்பெனியின் தொழிலாளர்கள். 2007-லே கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தருகே வெடித்த குழாய் 1924-லே புதைத்தது! இட்லிக் கொப்பரையின் மூடியைத் தூக்கும் ஆவியை நாம் அறிவோம். இது தெருவையே தூக்கிய ஆவி!

ஆகவே மாறட்டும். ஆனால், எப்படி மாறுவது? யார் செலவிலே மாறுவது? இந்த இரண்டையும் கேட்காமல் கை தட்டுவதற்கு நாம் தயாரில்லை.

மின்சாரச் சூடு இரு வகை. ஒன்று, கம்பியைப் பழுக்கக் காய்ச்சுவது. ஒரு பங்கு மின்சாரம் கொடுத்தால் ஒரு பங்கு சூடு. மற்றொன்று 'ஹீட் பம்ப்'. குளிர்ப்பெட்டி உள்ளேயிருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறதல்லவா, அதையே திருப்பிப் போட்டால் ஹீட் பம்ப்! வெளிக்காற்றிலோ மண்ணிலோ இருக்கும் சூட்டை அது உள்ளே இழுத்து வருகிறது. ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று பங்கு சூடு. கடுங்குளிரிலே சற்றுக் குறையும்.

கணக்கைப் பாருங்கள். அந்தச் சட்டத்தின் விதிகளிலே 2024 முதல் 2029 வரைக்குக் குறித்த அளவுப்படி, பத்து இலட்சம் பி.டி.யு. சூட்டை ஆவியாகப் பெற்றால் சுமார் 45 கிலோ கரிவாயு. அதே சூட்டைக் கம்பி காய்ச்சிப் பெற்றால் சுமார் 85 கிலோ! ஏனெனில் அந்த மின்சாரத்திலும் எரிவாயு எரிகிறது. மும்மடங்கு தரும் ஹீட் பம்ப்பிலே பெற்றாலோ சுமார் 28 கிலோதான். 2030-க்குப் பின் மின்சாரம் தூய்மையாகும் என்ற கணிப்பிலும், கம்பியும் ஆவியும் ஏறக்குறைய சமம். ஹீட் பம்ப் மட்டுமே மூன்றில் ஒன்று. 'மின்சாரம்' என்ற பெயர்ப்பலகையை மாட்டியதாலேயே கறை கழுவப்பட்டுவிடாது!

இன்னொன்று. பழைய அலுவலகங்களின் சூட்டுப்பெட்டிகள் கொதிக்கும் ஆவிக்காகச் செய்தவை. ஹீட் பம்ப் தருவது மிதமான வெந்நீர். பெட்டியையும் குழாயையும் மாற்ற வேண்டும். மின்கம்பிகளைப் பருமனாக்க வேண்டும். அதற்கும் முன்னே, சூடு வெளியே ஓடாமல் தடுக்க வேண்டும். ஓட்டைப் பானையிலே எந்தக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் என்ன? 1931-லே திறந்த எம்பயர் ஸ்டேட் கட்டடம் இதற்குப் பாடம். 2009-லே தொடங்கிய சீரமைப்பிலே அதன் 6,514 சன்னல்களையும் கழற்றி, அதே கட்டடத்துக்குள்ளேயே பட்டறை அமைத்து, நடுவே மென்தகடு வைத்துத் திரும்ப மாட்டினார்கள்! சூட்டுப்பெட்டிகளுக்குப் பின்னே, சுவர் வழியே சூடு கசியாமலிருக்கத் தடுப்பு வைத்தார்கள். ஆவியைக் கைவிடாமலேயே செலவழியும் சக்தியை வெகுவாகக் குறைத்தார்கள்.

இனி, யார் செலவிலே என்ற கேள்வி. "என் கட்டடம், என் பணம்; நான் குழாயைத் துண்டித்துக்கொள்கிறேன், உமக்கென்ன?" என்று ஒரு சீமான் கேட்கலாம். சொல்கிறோம், கேளுங்கள். நூறு மைல் குழாயைப் பழுதுபார்க்கும் செலவு, நூறு பேர் வாங்கினாலும் பத்துப் பேர் வாங்கினாலும் பெரிதாகக் குறையாது. பணமுள்ளவன் முதலிலே விலகுவான். விலக வசதியில்லாதவன் தலையிலே அவன் பங்கும் ஏறும். கட்டணம் ஏற ஏற, இன்னும் சிலர் விலகுவர். எஞ்சியவர் சுமை இன்னும் கூடும். வாடகை வீட்டுக்காரர், ஆவியால் கருவிகளைச் சுத்தம் செய்யும் மருத்துவமனை, இவர்களெல்லாம் கடைசிவரை நின்று, ஓடிப்போனவர்களின் கணக்கையும் கட்டுவதா? பந்தியிலே முதல் வரிசை சாப்பிட்டு எழுந்துபோய்விட்டது. கடைசி வரிசைக்கு எச்சிலையும் எடுக்கும் வேலையும்! இதுவா நீதி?

அந்தக் குழாய்களோடு வாழ்ந்த தொழிலாளி? பற்றவைப்பவன், வால்வு திருகுபவன், நள்ளிரவிலே பாதாளத்துக்குள் இறங்குபவன்! ஓய்வூதியம் பற்றிய தகராறு முற்றிய 2012 ஜூலையிலே, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கான் எடிசன் கதவடைத்து வெளியே நிறுத்தியது. ஆகவே "உங்களை மறக்கமாட்டோம்" என்ற வாய்ச்சொல் போதாது; எழுத்திலே வேண்டும்.

வழி இல்லையா? இருக்கிறது. 2022-லே நியூயார்க் மாநிலம் மற்றொரு சட்டம் செய்தது. அதன் கருத்து இது: பொதுக்குழாய் இருக்கட்டும், அதிலே ஆவிக்குப் பதில் மிதமான நீர் ஓடட்டும், கட்டடந்தோறும் ஹீட் பம்ப் அதிலிருந்து சூட்டை எடுக்கட்டும், ஓரிடத்தின் வீண்சூடு மற்றோரிடத்தின் தேவைக்குப் போகட்டும். முன்னோட்டத் திட்டங்கள் தீட்டுமாறு கம்பெனிகளுக்கு அது ஆணையிட்டது. தொழிற்சங்கங்கள் அதை ஆதரித்தன. ஏன்? அங்கே குழாய் பதிக்கும் கைக்கு வேலை உண்டு!

முடிவாகச் சொல்கிறோம். கொதிகலனை மாற்றுங்கள், சன்னலை மாற்றுங்கள், சூட்டுப்பெட்டியை மாற்றுங்கள். ஆனால், குளிர் எல்லோருக்கும் பொது என்பதால் சூட்டையும் பொதுவாக்கிய அந்தப் பழைய நல்லெண்ணத்தை மட்டும் மாற்றாதீர்கள். விலகுகிறவர் தம் பங்கைக் கட்டிவிட்டு விலகட்டும். பாதாளத்திலே இறங்கியவன், புதுக்குழாயின் பக்கத்திலும் நிற்கட்டும்.

ஆவி அடங்கலாம். நீதி அடங்கக் கூடாது!