மஸ்கட்டுக்குப் போன குரோஷா ஊசி

கல்யாணத்துக்குப் பிறகு கைவேலைக்கு ஏது நேரம் என்று ஏங்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வயது 36. பத்தாவது வரை படித்திருக்கிறேன். அரசு ரப்பர் தோட்டம் இருக்கிற கீரிப்பாறைதான் எங்க ஊர். பால் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்னே கிளம்புவதால் இங்கே அடுப்பு சீக்கிரமே எரியும். பகல் பதினொரு மணிக்கு மேல்தான் பெண்களுக்கு மூச்சு விட நேரம்.

அந்த நேரத்தில் என் அம்மா திண்டை வைத்து, குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னுவாள். எங்க மாவட்டத்துக்கும் லேஸுக்கும் 200 வருஷ உறவு. நாகர்கோவிலில் 1820 வாக்கில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிய காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கினார்களாம். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்ததே 1855-ல்தான். "சும்மா பொழுதுபோக்குதானே" என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

இரண்டு பிள்ளைகள், மாமியார், மாடு என்று இருக்கிற வீட்டில் திண்டும் குச்சியும் சரிப்படாது. பாதியில் எழுந்து போனால் பிள்ளைகள் நூலைச் சிக்காக்கி விடும். அதனால் நான் குரோஷாவுக்கு மாறினேன். பெட்ஷீட் முழுவதையும் ஒரே துண்டாகப் போடாமல், நாலு அங்குலச் சதுரங்களாகப் போட்டுச் சேர்த்து வைப்பேன். சமையலறை ஆணியில் ஒரு துணிப்பை தொங்கும். குக்கர் மூணு விசில் அடிப்பதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். பஸ்சிலும், ஆஸ்பத்திரி வரிசையிலும்கூடப் போடலாம்.

2022-ல் மஸ்கட்டில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் எங்களுக்கும் விசா எடுத்தார். "அங்க எல்லாம் கடையில கிடைக்கும், இந்த மூட்டை எதுக்கு?" என்றார். மாமியாரோ மாங்காய் ஊறுகாயும் ஏத்தங்காய் வத்தலும் கொண்டுவந்து அடுக்கினார். நான் மறுத்துப் பேசவில்லை. ஊறுகாய் பாட்டில் உடையாமல் சுற்றியதெல்லாம் என் எம்பிராய்டரித் துணிதான்! வெளிநாடு போகிறவர்கள் கத்தரிக்கோல், ஊசிகளைக் கைப்பையில் வைக்காமல், விமானத்தில் போடக் கொடுக்கிற பெட்டியில் வையுங்கள். நூலின் எண்ணைக் கட்டாயம் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். ஆங்கர் நூலில் கறுப்பு 403, டிஎம்சியில் அதே கறுப்பு 310. கடைக்காரருக்கு நம் பாஷை தெரியாவிட்டாலும் எண் புரியும். மஸ்கட்டில் நம் ஊர்த் தையல் மெஷின் ஓடும், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். அமெரிக்கா என்றால் கரண்ட் 120 வோல்ட், அங்கே நேராக மாட்டக் கூடாது.

அங்கே நாலாவது மாடி. காலை ஆறரைக்கெல்லாம் மூவரும் போய்விட்டால் மதியம்வரை பேச ஆள் கிடையாது. குடும்ப விசாவில் போனவள் வேலைக்கும் போக முடியாது. முதல் இரண்டு மாசம் ஜன்னல் பக்கம் நின்று அழுதிருக்கிறேன். மாடும் மழையும் இல்லாத நாளை எப்படித் தள்ளுவது? அந்த நாட்களில் போட்டவை மட்டும் 52 சதுரம்.

ஒருநாள் கிளினிக்கில் நான் குரோஷா போட்டுக் கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த ஓமானி அம்மா தன் பையைத் திறந்து ஒரு தொப்பியைக் காட்டினார். அங்கே ஆண்கள் போடுகிற 'கும்மா'. துணி முழுக்க ஊசித் துளைகள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் நூலால் கட்டியிருந்தது. ஒன்று முடிக்க மாசக்கணக்கில் ஆகுமாம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அரபி தெரியாது. என் கையைப் பிடித்து ஒரு துளை கட்ட வைத்தார். நான் அவருக்குச் சங்கிலி போடக் காட்டினேன். இப்போது வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போகிறேன். என் வீட்டுக்காரர் இன்னும் 'மூட்டை' என்றுதான் சொல்கிறார். ஆனால் ரூவியில் நூல்கடையைக் கண்டால் அவரே நின்று விடுகிறார்.

லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. "மக்ளே, இனி இத நீ கொண்டு போ" என்று லேஸ் திண்டைத் தந்துவிட்டாள். பெரியவள் அதன் முன்னால் உட்கார்ந்து குச்சிகளை எண்ணிக் கொண்டிருக்கிறாள். அடுத்த வாரம் விமானம். இந்தத் தடவை பெட்டியில் ஊறுகாய்க்கு இடமில்லை என்று மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.

- ஒரு வாசகி, கீரிப்பாறை