மருந்தான தைலங்கள் – 6
நீரடிமுத்தும் ஆலிஸ் பாலும்

ஆவியாகிப் பரிமளிக்கும் தைலங்களைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். இவ்வாரம் எடுத்துக்கொள்வது ஆவியாகாத, கனத்த, குமட்டும் சுபாவமுள்ள ஒரு கொழுப்பெண்ணெய். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் வளர்வதும், சித்த வைத்தியர்கள் நீரடிமுத்து என்றும் மலையாளத்தார் மரோட்டி என்றும் வழங்குவதுமான மரத்தின் விதையெண்ணெயையும், பர்மா, அஸ்ஸாம் பிரதேசங்களில் வளரும் அதன் இனமான சால்மூக்ராவின் எண்ணெயையும், குஷ்டரோகத்துக்கு ஔஷதமென்று கொண்டு, தலைமுறை தலைமுறையாக நம் நாட்டு வைத்தியர்கள் பூசியும் புகட்டியும் வந்தார்கள். 1854-ல் கல்கத்தாவிலிருந்த மௌவாட் என்ற ஆங்கில வைத்தியர் இதைப் பரீட்சித்து எழுதியபின், மேல்நாட்டு வைத்திய உலகமும் இதன்பால் திரும்பியது.

ஆயினும் உள்ளே கொடுத்தால் நோயாளி வாந்தியெடுத்தான். ஊசி வழியே செலுத்தினாலோ, தடித்த அந்த எண்ணெய் உடம்பில் கலவாமல் தோலின் அடியில் கட்டி கட்டியாகத் திரண்டு பெரும் வேதனை தந்தது. போதாததற்கு, கடைச்சரக்காக வந்த விதை எந்த மரத்தினது என்பதிலேயே நெடுங்காலம் மயக்கம் இருந்தது. வேறொரு மரத்தையே சால்மூக்ரா என்று நூல்கள் குறித்துவந்தன. தாவரவியலறிஞர் டேவிட் பிரெய்ன் உண்மை மரத்தை இனங்காட்டிய பிறகுதான், 1904-ல் லண்டன் வெல்கம் ஆராய்ச்சிச்சாலையில் ஃபிரெடெரிக் பவர் என்ற ரசாயன நிபுணரால் அவ்வெண்ணெயைப் பகுத்து, வளைய அமைப்புடைய அபூர்வமான கொழுப்பமிலத்தைப் பிரித்தெடுக்க முடிந்தது.

பிரித்தறிந்த அமிலத்தை நோயாளியின் உடல் ஏற்கும் உருவில் தருவது எப்படி என்ற கேள்வி, ஹோனலூலு நகரத்துக் கலிஹி ஆஸ்பத்திரியின் வைத்தியர் ஹாரி ஹால்மனை வாட்டியது. தொழுநோயாளிகளை மோலகாய் தீவின் கலாவுபாபாவுக்கு நாடுகடத்தி, குடும்பத்தைப் பிரித்துவந்த காலம் அது. ஹவாய்க் கல்லூரியில் 1915-ல் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண்ணும், கவா வேரின் ரசாயனத்தை ஆராய்ந்திருந்தவளுமாகிய ஆலிஸ் பால் என்ற கறுப்பின யுவதியை அவர் அணுகினார். எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களை விடுவித்து, சாராயத்தின் சத்தாகிய எத்தில் ஆல்கஹாலோடு சேரச் செய்து, எத்தில் எஸ்டர் என்னும் நீர்த்த திரவமாக மாற்றும் முறையை அவள் கண்டாள். ஊசியில் எளிதாக இறங்கி, உடம்பில் கலக்கும் மருந்து கிடைத்தது. அதைப் பெற்றவர்களில் பலர் நோய் தணிந்து, தீவுக்குப் போகாமல் வீடு திரும்பினார்கள்.

அந்தப் பலனைக் காண அவள் இல்லை. 1916 டிசம்பர் 31-ல், 24-வது வயதில், ஆலிஸ் பால் காலமானாள். அவள் வேலையைத் தொடர்ந்த கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன் தம் கட்டுரைகளில் அவள் பெயரைச் சொல்லவில்லை. 1922-ல் ஹால்மன், அம்முறை ஆலிஸ் பாலுடையதே என்று அச்சில் எழுதியும், உலகம் அதைக் கவனிக்கவில்லை. அவள் பயின்ற கல்விச்சாலையின் சால்மூக்ரா மரத்தடியில் அவள் பெயர் பொறித்த பலகை 2000-ல்தான் அமைந்தது.

இத்தைலம் சஞ்சீவி அன்று. சிலருக்கு நோய் மீண்டும் தலைகாட்டியது; ஊசிகளோ வருஷக்கணக்கில் நீண்டன. 1941-ல் அமெரிக்காவின் கார்வில் ஆஸ்பத்திரியில் சல்ஃபோன் மருந்துகள் பலன் தரத் தொடங்கியதும், நீரடிமுத்தின் காலம் படிப்படியாக முடிந்தது. அதனால் அதன் கௌரவம் குறையவில்லை. தொழுநோய்க்குச் சிகிச்சை உண்டு என்ற நம்பிக்கையைச் சல்ஃபோனுக்கு முன்பே தந்தது அதுதான்.

நம் சுவடிகள் புகழும் தைலங்கள் இன்னும் எத்தனையோ உள்ளன. அவற்றின் தொன்மையை மேடைகளில் போற்றுவதோடு நில்லாமல், விதை இன்னதென்று நிச்சயித்து, சத்தைப் பிரித்து, உடல் தாங்கும் உருவம் கண்டு, பலனையும் பலனின்மையையும் ஒளியாமல் எழுதி, உழைத்தவர் பெயரை முதற்கண் பொறிப்பதே அவற்றுக்கு நாம் செய்யவேண்டிய மரியாதை. ரசாயனம் பயிலும் நம் இளைஞர்களும் யுவதிகளும் அப்பணியை மேற்கொள்வார்களாக.

(தொடரும்)