தண்டவாளம் ரெடி, கேட் கீப்பர் இல்லை

அறந்தாங்கி வழியாகப் போன மீட்டர் கேஜ் ரயில் 2012இல் நின்றது. அகலப்பாதை வேலை இழுத்துக்கொண்டே போய், காரைக்குடியிலிருந்து திருவாரூர் வரை ரயில் ஓடியது 2019 ஜூனில்தான். சரி, முடிஞ்சுதுன்னு பார்த்தால் லெவல் கிராசிங்குகளுக்கு ஆளே போடவில்லை. தண்டவாளம் ஒருமுறை செய்யும் செலவு, கேட் கீப்பர் மாதாமாதச் சம்பளம். தாமதம் அங்கேதான் ஒளிந்திருந்தது என்பது என் கணிப்பு.

அதனால் கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றி அனுப்பினார்கள். கேட்டுக்கு முன்னால் ரயில் நிற்கும்; ஒருவர் இறங்கி ரோட்டை அடைப்பார். தாண்டியதும் மறுபடி நிற்கும். பின்னாலிருந்து இன்னொருவர் இறங்கி, கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். ரோட்டில் டூவீலர்காரரும் காத்திருப்பார், ரயிலுக்குள் பயணியும் காத்திருப்பார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். பஸ்ஸைப் பிடித்தவர்கள் பிழைத்தார்கள்!