தொடர் மதிப்பு (மென்பொருட் சோதனை)

தொடர் மதிப்பு என்பது, மென்பொருட் சோதனைக்காக மாதிரித் தரவுகளை உருவாக்கும்போது ஒவ்வொரு தரவுக்கும் வெவ்வேறாக அமையுமாறு ஓர் எண்ணியிலிருந்து பெறப்படும் மதிப்பு ஆகும். பைத்தான் நிரல்மொழியில் இதற்கு ஃபேக்டரி பாய் என்னும் நிரலகம் பரவலாகப் பயன்படுகிறது. இது ரூபி மொழியின் ஃபேக்டரி கேர்ள் நிரலகத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. அந்த ரூபி நிரலகம் 2017ஆம் ஆண்டு ஃபேக்டரி பாட் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

செயற்படும் முறை

தரவுகளை உருவாக்கும் வகுப்பு 'தொழிற்சாலை' எனப்படும். ஒவ்வொரு தொழிற்சாலையும் ஓர் எண்ணியைக் கொண்டிருக்கும். இயல்பாக அது 0 இல் தொடங்கி, ஒவ்வொரு பொருள் உருவாகும்போதும் ஒன்று கூடும். அவ்வெண்ணை நிரலர் எழுதிய சார்பு ஒன்று பெற்று, வேண்டிய வடிவில் மாற்றித் தரும்.

எடுத்துக்காட்டு: மதுரை வாகனப் பதிவெண்

மதுரையின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுள் தெற்கு டி.என். 58, வடக்கு டி.என். 59, மையம் டி.என். 64 ஆகிய குறியீடுகளைக் கொண்டவை. குறியீட்டை அடுத்து எழுத்துத் தொடரும், 0001 முதல் 9999 வரையிலான எண்ணும் வரும். 9999 முடிந்ததும் எழுத்து மாறி, எண் மீண்டும் 0001 இல் தொடங்கும்.

எண்ணியை அப்படியே பயன்படுத்தினால் முதல் வாகனத்துக்கு 0000 என்னும் செல்லாத எண் கிடைக்கும். பத்தாயிரத்து ஓராவது வாகனத்துக்கோ ஐந்திலக்க எண் வரும். எனவே எண்ணியின் மதிப்பை 9999 ஆல் வகுத்து, மீதியுடன் 1 கூட்டி நான்கு இலக்கமாக எழுத வேண்டும். ஈவு எழுத்தின் வரிசையைத் தரும். இதன்படி எண்ணி 0 எனில் 'டி.என். 59 ஏ 0001', 9998 எனில் 'டி.என். 59 ஏ 9999', 9999 எனில் 'டி.என். 59 பி 0001' ஆகும்.

எழுத்துப் பட்டியலிலும் கவனம் தேவை. ஐ, ஓ ஆகியவை 1, 0 ஆகிய இலக்கங்களுடன் குழம்பும் என்பதால் தவிர்க்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் ஜி அரசு வாகனங்களுக்கும், என் அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளுக்கும் உரியவை. எனவே தனியார் வாகனங்களுக்கான தொழிற்சாலையில் இந்நான்கும் இடம்பெறலாகாது.

எண்ணியை மாற்றியமைத்தல்

- தொடக்க மதிப்பு: தொடக்க எண்ணைத் தரும் வகுப்புச் செயற்கூற்றை மீள எழுதலாம். தரவுத்தளத்தில் பழைய பதிவுகள் எஞ்சியிருப்பின், அவற்றுள் மிகப் பெரிய எண்ணுக்கு அடுத்ததிலிருந்து தொடங்கச் செய்யலாம். இல்லையேல் ஒரே பதிவெண் இருமுறை தோன்றிச் சோதனை தடைப்படும்.
- மீளமைத்தல்: எண்ணியை விரும்பிய மதிப்புக்கு மாற்றலாம், அடுத்த பொருள்கள் அதிலிருந்து தொடரும்.
- ஒருமுறை மட்டும் தருதல்: ஒரு பொருளை உருவாக்கும்போது எண்ணை நேரடியாகக் கொடுக்கலாம். இது பொது எண்ணியைப் பாதிக்காது.
- மரபுரிமை: ஒரே வகுப்பின் பொருள்களை உருவாக்கும் சேய்த் தொழிற்சாலை, தாயின் எண்ணியையே பகிர்ந்துகொள்ளும்.

முக்கியத்துவம்

சோதனைகள் பெரும்பாலும் சில பொருள்களையே உருவாக்குவதால், எழுத்து மாறும் எல்லையை எண்ணி தானாக எட்டுவதில்லை. அங்குள்ள பிழை சோதனையில் மறைந்திருந்து, உண்மையான 9999ஆவது வாகனம் பதிவான பின்னரே வெளிப்படும். 9998, 9999 ஆகிய எண்ணி மதிப்புகளை வலிந்து கொடுத்துச் சோதிப்பது இதனைத் தவிர்க்கும்.

ஒரு சோதனை முடிந்தாலும் எண்ணி தானாகச் சுழியத்துக்குத் திரும்புவதில்லை. ஆகவே குறிப்பிட்ட பதிவெண் வரும் என எதிர்பார்த்து எழுதப்பட்ட சோதனை, தனியே இயங்கும்போது வெற்றி பெற்று, பிறவற்றுடன் இயங்கும்போது தோல்வியுறலாம். எதிர்பார்க்கும் எண்ணைச் சோதனையிலேயே வெளிப்படையாகத் தருவது இதற்குத் தீர்வாகும்.